உப்பை விடாத தண்ணீர்

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேசையில் இரண்டு டம்ளர் இருக்கிறது. ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். வாலிநோக்கம் உப்பளப் பாத்தியில் வாரிய உப்பை இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டேன். தண்ணீரில் போட்டது கரைந்துகொண்டே வருகிறது. எண்ணெயில் போட்டது அப்படியே அடியில் கிடக்கிறது.

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். இது எல்லாருக்கும் தெரியும். அது வளைந்திருக்கிறது என்பதுதான் விஷயமே. கவட்டைக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: கவடு பிரியும் இடத்தில் ஆக்சிஜன், இரண்டு நுனியிலும் ஹைட்ரஜன், நடுவில் 104.5 டிகிரி. எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பக்கம் லேசான எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் தன்மை. இதுதான் முனைவுத்தன்மை. கார்பன் டை ஆக்சைடிலும் ஆக்சிஜன் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நேர்க்கோடாக இருப்பதால் இரு பக்க இழுப்பும் சரிக்குச் சரியாகிவிடுகிறது.

இந்த முனைகளால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நம் கழிமுகச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீரோ 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது.

சரி, உப்புக்கு வருவோம். உப்பில் சோடியம் நேர்மின், குளோரைடு எதிர்மின். தண்ணீரில் விழுந்ததும் சோடியத்தைச் சுற்றி ஆக்சிஜன் முனைகள் கூடுகின்றன, குளோரைடைச் சுற்றி ஹைட்ரஜன் முனைகள். இரண்டுக்கும் நடுவே இருந்த ஈர்ப்பு ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகக் குறைந்து, கட்டி கலைந்துபோகிறது. எண்ணெய்க்கு அந்த முனைகள் இல்லை.

கரைந்ததைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பது உப்பளத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம்தான். ஒரு கிலோ உப்புக்கு 30 லிட்டருக்கு மேல் வற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுதும் ஆவியாக்க. மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன. அத்தனையையும் இந்த வெயில்தான் செய்கிறது. பாத்தியில் உப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு வற்றின பிறகுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதுவரை வெறுங்காலோடு அந்த உப்புநீரில் நின்று வேலை பார்க்கிறார்கள் நம் ஆட்கள். அந்தப் பாதங்களைப் பார்த்திருக்கிறேன், வெடிப்பு வெடிப்பாக இருக்கும்.

அப்புறம் ஐப்பசி வந்தால் அவர்கள் முதலில் செய்வது என்ன? அம்பாரத்தின் மேல் பனை ஓலையைப் போட்டு மூடுவது. மழை ஒரு துளி விழுந்தாலும் அதே வளைந்த மூலக்கூறு உப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும்.

பிள்ளைகளே, இப்போது முன்னால் வந்து இந்த இரண்டு டம்ளரையும் பாருங்கள்.