ஓவனுக்குள் விளக்கு எரியவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் வந்தால் சென்னையில் பல வீடுகளில் கேக் வாசனை கிளம்பிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஓவனின் உள்விளக்கு எரியாதது கண்ணில் படும். கதவைத் திறந்து பார்த்துக்கொண்டால் போயிற்று என்பீர்கள். கேக் எழும்பும்போது திறந்தால் சூடு இறங்கி நடுவில் அமுங்கிவிடும். பெரும்பாலும் இது பல்பு மாற்றுகிற வேலைதான், செய்துவிடுங்கள்.

ஓடிஜி எனப்படும் சிறிய மேசை ஓவன்கள் பலவற்றில் உள்விளக்கே கிடையாது. முன்பக்கச் சிவப்புப் புள்ளி வெறும் இண்டிகேட்டர். விளக்கு உள்ள சில மாடல்களிலும் டைமரைத் திருகினால்தான் எரியும். இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஓவன் முழுக்க ஆறட்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள். சில வீடுகளில் வயரிங் மாறிப்போய், சுவிட்ச் மின்சாரம் வரும் கம்பியை விட்டுவிட்டு, திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியைத்தான் துண்டிக்கும். ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும். சுவரில் பதித்த ஓவன் என்றால் மெயின் பெட்டியில் அதற்கான எம்சிபி சுவிட்சை இறக்குங்கள்.

பல்புக்கு மேல் கண்ணாடி மூடி இருக்கும். பெரும்பாலும் இடப்புறமாகத் திருகினால் வரும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும். பல்பு உடைந்து அடிப்பகுதி மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, நோஸ் பிளையரால் தகட்டு விளிம்பைப் பிடித்துத் திருகி எடுக்கலாம்.

பல்பின் இழை அறுந்திருந்தாலும் சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரில் பாருங்கள், ஆனால் இணைப்பு இருந்தால் அது எழுப்பும் ‘பீப்’ சத்தத்தை நம்பாதீர்கள். 25 வாட் பல்பு குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 150 முதல் 200 ஓம் காட்டும். பல மீட்டர்கள் 50 ஓமுக்குக் கீழே இருந்தால்தான் கத்தும். சத்தம் வரவில்லை என்று நல்ல பல்பைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். 2000 ஓம் அளவில் வைத்து எண்ணைப் படியுங்கள்.

கடையில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஓவனில் பரவலாக வருவது இ14, அதாவது 14 மில்லிமீட்டர் மரை, 15 அல்லது 25 வாட். ஃபிரிட்ஜ் பல்பும் தையல் மெஷின் பல்பும் இதே மரையில் கிடைக்கும். அச்சாகப் பொருந்தும், எரியவும் செய்யும். ஆனால் அவற்றின் அடியில் உள்ள, வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரண பற்றவைப்பு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசையும் விட்டுவிடும். 200 டிகிரியில் நான்கு நாள் வேலை செய்தால் பல்பு கழன்று தொங்கும். ‘300 டிகிரி’ என்று அச்சிட்ட பல்பையே கேளுங்கள். எல்இடி வேண்டவே வேண்டாம். அதற்குள் இருக்கும் மின்னணுப் பாகங்கள் அந்தச் சூட்டைத் தாங்காது. கம்பிக் கால்கள் கொண்ட ஜி9 ஹாலஜன் என்றால் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கண்ணாடி அதிகம் சூடேறிக் கெட்டுப்போகும்.

புதுப் பல்பும் எரியவில்லையா? ஹோல்டரைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் பித்தளைக்குக் களிம்பு பிடிக்கும். சீரோ நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். அடியில் உள்ள பித்தளை நாக்கு தட்டையாகிப் போயிருந்தால் பல்பைத் தொடாது. மின்சாரம் துண்டித்த நிலையிலேயே, ஒரு மில்லிமீட்டர் அளவு மேலே தூக்கிவிடுங்கள். ஹோல்டரின் பீங்கான் கருகியோ விரிசல் விட்டோ இருந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டியதுதான்.

அதுவும் சரி என்றால் கதவு சுவிட்ச், குமிழ் சுவிட்ச், வயர் என்று போகும். அது மெக்கானிக் வேலை. அவர் ஹோல்டரில் டெஸ்டர் வைத்து “கரண்ட் வருதுங்க” என்று சொன்னால், நியூட்ரலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். வயர் மாற்றினால் கண்ணாடி இழை உறை போட்டதா என்று கேளுங்கள். சாதாரண பிவிசி பிளாஸ்டிக் உறை வயர் பொதுவாக 70 டிகிரிக்கு மேல் உதவாது.

மைக்ரோவேவ் மட்டும் வேறு கதை. வெளியிலிருந்து பல்பு எடுக்கத் தனி மூடி இருந்தால் சரி. இல்லையென்றால் கவரைக் கழற்றாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.