தாலி கட்டியதற்கு யார் சாட்சி?

நேயர்களுக்கு வணக்கம்.

"எங்க ஊர் வழக்கப்படி கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, பதிவும் செய்யலை. இது செல்லுமா சார்?" குடும்ப பென்ஷனுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைகிற பெண்கள் வக்கீலிடம் கேட்கிற முதல் கேள்வி இது. செல்லும். மணமக்களில் யாராவது ஒருவருடைய சமூக வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். பதிவு செய்யாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போய்விடாது என்பதும் அதே சட்டம்தான். நடந்ததை நிரூபிப்பதில்தான் பாடு.

வழக்கத்தை நம்பி நீதிமன்றம் போகிறவர் இரண்டைக் காட்ட வேண்டும். இப்படியொரு வழக்கம் எங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக மாறாமல் இருக்கிறது என்பது ஒன்று. அதன்படிதான் இந்தக் கல்யாணமும் நடந்தது என்பது இன்னொன்று. பலரும் முதலாவதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். 1868-ல் ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாஸ்திர நூலையே மிஞ்சும் என்று அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. மிஞ்சும்தான், நிரூபித்தால்!

தமிழ்நாட்டு இந்துக்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவு அதை மாற்றியது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் தாலி கட்டினாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும் போதும். சமூக வழக்கத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. இதை மறந்து மாட்டிக்கொண்ட ஒருவரும் உண்டு. திருத்தணியில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர், "ஏழடி நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை" என்று இருதார வழக்கில் வாதாடினார். 7ஏ-படி அது கல்யாணம்தான் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, சாட்சிக்கு வருவோம். கூண்டில் ஏறுகிறவர் பெரும்பாலும் தாய்மாமன். "கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்ததுங்க" என்பார். எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு? தாலியைத் தட்டில் எடுத்துவந்தது யார்? மீதி முடிச்சுகளைப் போட்ட நாத்தனார் பெயர் என்ன? நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்? சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவரை விட மணையருகே நின்றவரே நல்ல சாட்சி. பத்திரிகையில் பெயர் போட்ட பெரியவரை விட மேளக்காரர் சாட்சியம் எடுபடுவதுகூட உண்டு. அவருக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை.

ஆவணங்களில் எனக்குப் பிடித்தது மொய் நோட்டு. அட்டையில் மணமக்கள் பெயர், தேதி. உள்ளே ஊர், பெயர், தொகை என்று பக்கம் பக்கமாக. வழக்கு வரும் என்று நினைத்து யாரும் மொய் எழுதுவதில்லை, அதனால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் நோட்டை நீட்டினால் மட்டும் போதாது, எழுதியவர் வந்து "இது என் கையெழுத்து" என்று சொல்ல வேண்டும்.

எதற்காக நிரூபிக்கிறோம் என்பதும் முக்கியம். இருதாரக் குற்ற வழக்கில் சடங்கை நேரடியாகக் காட்டியாக வேண்டும். ஊரார் அப்படி நினைத்தார்கள் என்பது உதவாது. ஜீவனாம்சம், சொத்து என்றால் பல வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்ததை வைத்தே நீதிமன்றம் திருமணத்தை ஊகிக்கலாம். சுமார் 50 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் இப்போது போய்ச் சாட்சி கேட்பதா என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தம்பதியின் பக்கம் நின்றது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இங்கே கைகொடுக்கும். இந்த ஊகத்தை எதிர்த்தரப்பு உடைக்கவும் முடியும். முதல் கல்யாணம் உயிரோடு இருந்தால் எத்தனை வருடம் வாழ்ந்தும் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் செய்துவிடுங்கள். சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். படியேற முடியாத தாத்தாவை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. வழக்குப் போட்டதும் மனு கொடுத்தால், வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்ய நீதிமன்றம் ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கலாம். குறுக்கு விசாரணையும் அதே திண்ணையில் நடக்கும்.