குன்னூர் எலிகளும் நம் சாப்பாட்டுத் தட்டும்

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாள் ஆரோக்கியமாக இருக்க என்ன சாப்பிட வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பை அறிவித்தாலே போதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து "கம்பு நல்லதா, கேழ்வரகு நல்லதா டாக்டர்?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் குன்னூர் போய்விட்டு வருவோம்.

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். பெரிபெரி என்ற நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர். அந்த ஓர் அறை வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாட்டில் யார் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று வழிகாட்டுகிற நிறுவனம் பிறந்த இடம் நம் நீலகிரி.

பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் இதயம் தளர்ந்துவிடும். தயமின், அதாவது பி1 வைட்டமின் குறைவதால் வருவது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் அதிகம் இருந்தது வட சர்க்கார் பகுதியில், இன்றைய கடலோர ஆந்திராவில். தெற்கே நம் பக்கம் குறைவு. இரண்டு பக்கமும் சோறுதான் சாப்பாடு. ஆனால் அங்கே சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அது முழுக்கப் போகாது.

உடனே "பார்த்தீர்களா, நம் முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். வைட்டமின் என்ற பெயரே 1912-ல்தான் வந்தது. அவித்த நெல் குத்தும்போது குறைவாக உடையும், அரிசியும் பூச்சி பிடிக்காமல் கொஞ்ச நாள் நிற்கும். அதற்காக அவித்திருப்பார்கள். நல்லது தானாகக் கூட வந்தது.

மெக்காரிசன் அதோடு நிற்கவில்லை. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே சமைத்து, எலிக்குஞ்சுகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு: முழு கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. இன்னொரு குழுவுக்குப் பட்டாணியர் சாப்பாடு. அப்புறம் மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளிகள். கடைசியாக மதராஸி சாப்பாடு: தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், துளி மோர். எடை போட்டுப் பார்த்தால் சீக்கிய எலிகள் முதலிடம். நம் எலிகள் கடைசி.

எலி மனிதன் இல்லை, அது சரி. வளர்கிற குட்டிக்கு எடை கூடுவது நல்லது, ஐம்பது வயதுக்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால் நாமும் சீக்கியர் மாதிரி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பஞ்சாபிலும் இன்று சுகர் ஏகப்பட்ட பேருக்கு இருக்கிறது. நான் அந்தப் பரிசோதனையில் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. கடைசியில் வந்த தட்டில் இருந்தது நிறையச் சோறு, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். நூறு வருஷம் ஆகப்போகிறது. இன்று மதியம் நாம் சாப்பிட்ட தட்டை நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்குச் சத்துக் குறைவால் நோய் வந்தது. இன்று அதே தட்டிலிருந்து வேறு நோய் வருகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்திய அளவில் 11.4 சதவீதம். வயலில் வேலை செய்து, தண்ணீர் இறைத்து, மைல் கணக்கில் நடந்த உடம்பு அவ்வளவு சோற்றையும் எரித்துவிடும். பைக்கில் போய் நாற்காலியில் உட்காருகிற உடம்புக்கு அது முடியாது. வேலை குறைந்துவிட்டது, சோற்றின் அளவு அதற்கு ஏற்பக் குறையவில்லை.

21 நாடுகளில் செய்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளை அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்களையும் 150 கிராமுக்குள் சாப்பிடுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவை மட்டும் தனியாக எடுத்தால் 61 சதவீதம். 450 கிராம் சோறு என்றால் பயந்துவிடாதீர்கள், ஓர் ஆழாக்குக்குச் சற்றே கூடுதலான அரிசியை வடித்தால் வருவதுதான். டெல்டாக்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அது இங்கே ஒரு வேளைக்குக்கூடக் காணாது என்று.

இப்போது கம்புக்கும் கேழ்வரகுக்கும் வருகிறேன். 2025-ல் அதே ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் குழு இந்தியர்களின் சாப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. நாம் சாப்பிடுகிற கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறி, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அந்த மாவுச்சத்தில் ஒரு சின்னப் பங்கை, கலோரியில் 5 சதவீதம் அளவுக்கு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் மாதிரி புரதத்தை வைத்தால் ஆபத்து குறைகிறது.

நாலு தோசைக்குப் பதில் நாலு கேழ்வரகுத் தோசை, இரவு சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் என்று மாறிவிட்டு "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். கேழ்வரகில் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் எண்ணிக்கை அதே நாலு என்றால் சுகர் பெரிதாக இறங்காது.

சரி, ஏன் நமக்குச் சோற்றைக் குறைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? நாக்கு மட்டும் காரணம் இல்லை. நம் சாப்பாட்டின் அமைப்பே அப்படி. சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. வீட்டில் வத்தக்குழம்பும் இருந்தால் நாலாவது தடவை. ஒவ்வொரு குழம்பும் தனக்கென்று சோறு கேட்கிறது. பொரியல் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி. மறுசோறு வேண்டுமா என்று கேட்டுப் போடுகிற வீட்டில் மறுபொரியல் வேண்டுமா என்று கேட்பது அபூர்வம்.

அதனால் நான் சொல்கிற யோசனையும் அந்த அமைப்பிலேயே கை வைக்கிறது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மோரையும் அப்படியே. இரண்டு சுற்றுச் சோறு சத்தம் இல்லாமல் குறைந்துவிடும். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் கூட்டையோ பொரியலையோ கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். காயும் புரதமும் முதலில் வயிற்றுக்குள் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுகிற வேகம் குறைகிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், சாப்பிடுகிற வரிசையை மாற்றினால் போதும்.

புரதம் என்றதும் "சாம்பாரில் பருப்பு இருக்கிறதே" என்பார்கள். நம் சாம்பாரில் இருக்கிற பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறி 400 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். காலை இட்லி, மதியச் சோறு, இரவுத் தோசை மூன்றும் அந்த 250-க்குள் அடங்க வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டில் 85 கிராம் வீதம் மாதத்துக்குக் கணக்குப் போட்டால் பத்து கிலோ வருகிறது. ரேஷன் கடையில் என்ன கிடைக்கிறது? 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு மாதாமாதம் அரிசி இலவசம். துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. நான் குறை சொல்லவில்லை. அந்த அரிசி பல வீடுகளில் பட்டினியை ஒழித்தது, அந்த ஒரு கிலோ பருப்புகூட இல்லாத மாநிலங்கள் இருக்கின்றன. ஆனால் சுலபமாகக் கிடைப்பதே தட்டில் அதிகம் விழும். மீதியை நாம்தான் தேடி வாங்க வேண்டும்.

அதற்குப் பாதாமும் வேண்டாம், டப்பாவில் வருகிற புரத மாவும் வேண்டாம். நிலக்கடலையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. மாலை பஜ்ஜி நேரத்தில் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டல். ஒரு முட்டையில் ஆறு கிராம். பள்ளிக்கூடச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது, வீட்டில் அவர்களுடைய அம்மாவுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி, நெத்திலி. வஞ்சிரத்தை விட விலை எவ்வளவோ குறைவு, சத்தில் குறைச்சல் இல்லை.

அம்மா என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயது வரை, 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவருக்கு மிஞ்சுவது சோறும் ரசமும்தான். கீரை சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் அவ்வளவு லேசில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் சேர்வதும் தடைபடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் அம்மா, ஓடிப்போகாது.

உப்பு, எண்ணெய் பற்றிச் சுருக்கமாக. கிராம் கணக்கு யாருக்கும் மனதில் நிற்பதில்லை, கடைச் சீட்டுக் கணக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இவற்றின் உப்பு அந்தப் பாக்கெட்டில் இல்லை, அதனால் இன்னும் கூடுதலாகவே வர வேண்டும். எண்ணெய் ஆளுக்கு 27 கிராம், நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் சேர்த்து. உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எந்த எண்ணெய் நல்லது, செக்கா ரீஃபைண்டா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் எத்தனை லிட்டர் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இன்று இரவே சோற்றைப் பாதியாக்கிவிடலாம் என்று யாராவது முடிவு செய்திருந்தால், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். சாப்பாட்டைக் குறைத்து மருந்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும், அவர்களுக்குக் கணக்கே வேறு. மற்றவர்கள் நாளை மதியம் ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை.