கதவு பூட்டியிருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சரித்திரக் காதல் நாவல்களையும் மாயாஜாலக் காதல் நாவல்களையும் நாற்பது வருடமாக விடாமல் படித்து வருகிறவள் நான். இதை வானொலியில் உட்கார்ந்து சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அட்டையில் வாளும் குதிரையும் இருந்தால் எதிரே இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். டிராகன் இருந்தால் பார்வையில் இரக்கமும் சேர்ந்துகொள்ளும். அட்டையை மடக்கிப் பிடித்துக்கொண்டு படித்த காலம் ஒன்று உண்டு. இப்போது கூச்சம் போய்விட்டது, கண்ணாடியின் பவர்தான் கூடியிருக்கிறது.

இந்த இரண்டு வகையையும் அலமாரியில் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறேன். "ஒன்று நடந்த உலகம், இன்னொன்று நடக்கவே முடியாத உலகம். எப்படி அம்மா ஒன்றாகச் சேர்த்தாய்?" என்று என் மகள் கேட்டாள். இரண்டிலும் நான் தேடுவது ஒன்றைத்தான். காதலிக்கிற இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும், அது பூட்டியிருக்க வேண்டும். நிஜப் பூட்டு. லேசாகத் தள்ளினால் திறந்துகொள்கிற கதவுக்காக நானூறு பக்கம் என்னால் காத்திருக்க முடியாது.

இன்றைய காலத்தில் நடக்கும் காதல் கதையை எழுதுகிறவர்கள் பாவம். ஒரே ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துவிடக்கூடிய மனஸ்தாபத்தை முந்நூறு பக்கத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. சரித்திரக் கதை எழுதுகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பூட்டைச் சரித்திரமே செய்து கையில் கொடுத்துவிடுகிறது.

ஆங்கில சரித்திரக் காதல் நாவல்களில் பாதிக்கு மேல் 1811 முதல் 1820 வரையிலான ரீஜன்சி காலத்தையே சுற்றி வருவதாக எனக்குத் தோன்றும். மன்னருக்குச் சித்தம் கலங்கியதால் அவருடைய மகன் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட ஒன்பது வருடம். இவ்வளவு சின்னக் காலத்துக்குள் அத்தனை பிரபுக்கள்! நிஜத்தில் அன்றைக்கு இங்கிலாந்தில் இருந்த ட்யூக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், கால் விரலையும் சேர்த்துக்கொண்டால். நாவல்களிலோ ஆயிரக்கணக்கில் திரிகிறார்கள், எல்லோரும் இளைஞர்கள், எல்லோருக்கும் பல் வரிசை அபாரம். போகட்டும். அந்தக் காலத்தின் பூட்டுகள் பிரமாதமானவை, அதைச் சொல்கிறேன்.

1753-இல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் வந்தது. 21 வயது நிறையாதவர்கள் பெற்றவர்களை மீறிக் கல்யாணம் செய்துகொள்வது அதோடு ஏறக்குறைய முடியாத காரியமாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. அங்கே சாட்சிகள் முன்னால் இரண்டு பேரும் "சம்மதம்" என்று சொன்னால் போதும், கணவன் மனைவி. எல்லையைத் தாண்டியவுடன் வருகிற கிரெட்னா கிரீன் என்கிற குக்கிராமம் இப்படித்தான் பேர் வாங்கியது. கொல்லன் பட்டறையில் பட்டறைக்கல் முன்னால் நின்று கல்யாணம்! லண்டனிலிருந்து அந்த ஊர் 300 மைலுக்கு மேல். வழி நெடுக விடுதிகளில் குதிரை மாற்ற வேண்டும். பின்னால் பெண்ணின் அப்பா இன்னொரு வண்டியில் துரத்திக்கொண்டு வருகிறார். அடுத்த விடுதியில் இருக்கிற நல்ல குதிரைகளை யார் முதலில் வாடகைக்குப் பிடிக்கிறார்கள் என்பதில் ஒரு வாழ்க்கை முடிவாகிறது. இதற்கு மேல் எழுத்தாளர் என்ன கற்பனை செய்ய வேண்டும்? பிறகு 1856-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: இரண்டு பேரில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று. ஓடிப்போகிற அவசரத்தில் மூன்று வாரம் யார் தங்குவார்கள்!

கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1840-இல், அனுப்புகிறவரே ஒரு பென்னி கட்டிவிடுகிற பென்னி தபால் முறை வருவதற்கு முன்னால் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்தார்கள். இடம் போதாவிட்டால் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதினதன் மேலேயே மறுபடி எழுதினார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். ரகசியக் காதல் கடிதம் ஒன்று பெண் வீட்டுக்கு வருகிறது. அதற்கு அவளுடைய அப்பா காசு கொடுத்து வாங்க வேண்டும். எவ்வளவு அருமையான காட்சி! நான் படித்த நாவல்களில் இதைக் கையாண்டவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான நாயகிகள் 1815-இல் உறையைக் கிழித்துக் கடிதத்தை எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு பூட்டு கனமானது. கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே என்று சொல்ல அங்கே 1870-இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. அவள் தன் பெயரில் சொத்தை முழுசாக வைத்துக்கொள்ள 1882-இல் இன்னொன்று. அதற்கு முன்னால் கையில் பணமுள்ள ஒரு பெண் "சரி, உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன்" என்று சொன்னால், தன்னிடம் இருப்பதையெல்லாம் அவன் குணத்தை நம்பி ஒப்படைக்கிறாள் என்று அர்த்தம். இதை உணர்ந்து எழுதிய நாவலில் அந்த ஒரு "சரி"க்குக் கைகள் சில்லிட்டுப்போகும். உணராத நாவலில் அது கவுன் போட்ட இன்றைய காதல்.

அதற்காகத் தேதிப் பிழை பார்த்துச் சண்டை போடுகிறவள் இல்லை நான். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி கடைக்கு வந்தது 1827-இல். அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே நாயகன் ஒன்றைக் கிழித்தால் மன்னித்துவிடுவேன். தமிழிலும் இந்த மாதிரி உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அது தெரியாமல், அழகான பழைய சொல்லாயிற்றே என்று "ஒரு நாழிகை மூச்சடக்கி நீருக்கடியில் கிடந்தான்" என்று எழுதினால் வீரன் அங்கேயே செத்திருப்பான். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம்.

மன்னிக்க முடியாதது மனசில் வருகிற பிழை. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பெண் இன்றைய மேடைப் பேச்சைப் பேசுகிறாள், சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பூட்டு எங்கே போயிற்று? எதிர்த்துப் பேசிய பெண்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் இருந்தது. விலையை மறைத்துவிட்டால் அந்தப் பெண்களின் துணிச்சலும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. 1970களில் ஆங்கிலத்தில் அமோகமாக விற்ற சரித்திரக் காதல் நாவல்கள் பலவற்றில் நாயகன் நாயகியைப் பலவந்தம் செய்வான், கடைசியில் அவள் அவனையே காதலிப்பாள். என் இருபதுகளில் அவற்றை மளமளவென்று படித்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். சில வருடம் கழித்து ஒன்றை மறுபடி கையில் எடுத்தேன், ஐம்பதாம் பக்கம் தாண்டவில்லை. "அந்தக் காலம் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்வார்கள். கதைதான் அந்தக் காலம். எழுதியவர் நம் காலம். உலகம் அவளுக்குக் கொடுமை செய்வதை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். அந்தக் கொடுமையைச் செய்தவன் கழுத்திலேயே கடைசி அத்தியாயத்தில் மாலையைப் போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. தமிழிலும் பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் அடைத்து வைக்கிற நாயகர்கள் குறையவில்லை. அங்கே கதவைப் பூட்டுகிறவன் அவனே. நான் சொன்ன பூட்டு அது இல்லை.

அப்புறம், நிஜ மனிதர்களின் பெயர். தமிழ் அகப்பாட்டுக்கு ஒரு விதி உண்டு: காதலிக்கிறவன் பெயரையோ காதலிக்கிறவள் பெயரையோ சொல்லக் கூடாது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் ஒரு பெண் பிரிவில் வாடுகிறாள். ஆனால் வேலில் வேம்பு கட்டியிருக்கிறது என்று ஒரு இடத்தில் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் அதைப் புறப்பாட்டாகக் கணக்கு வைத்தார்கள் உரைகாரர்கள். ஒரு வேப்பிலைக்கு அவ்வளவு கண்டிப்பு! சரித்திரக் காதல் நாவல் இந்த விதியை உடைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. ராஜாவின் பெயரைச் சொல்லி, அவர் படுக்கையறை வரைக்கும் போகிறது. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பொன்னியின் செல்வனில் கல்கி செய்த தந்திரம் இங்கேதான் பிடிக்கிறது. வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டுகளில் இருப்பது மிகச் சில குறிப்புகள், அவன் குந்தவையின் கணவன் என்பது அவற்றில் ஒன்று. நிறைய தெரிந்த ராஜாவைத் தள்ளி நிறுத்திவிட்டு, கொஞ்சமே தெரிந்தவனைக் குதிரையில் ஏற்றி விட்டார். நந்தினி என்று ஒருத்தியைக் கற்பனையிலேயே படைத்துக்கொண்டார். எழுத இடம் இருக்கிற இடத்தில் எழுதினார்.

சரி, டிராகன் பக்கம் வருவோம்.

மாயாஜாலக் கதைக்காரருக்குச் சரித்திரம் பூட்டுச் செய்து தராது. அவரே செய்துகொள்ள வேண்டும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939-இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரை ஒன்று உண்டு. பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தப் பச்சைச் சூரியன் நம்பும்படியாக இருக்கிற ஒரு உலகத்தைச் செய்வதுதான் பாடு என்கிறார். நான் படிக்கிற பல புத்தகங்களில் சூரியன் பச்சை, நிலா மூன்று, ஆனால் வெயில் மட்டும் நம் வெயில். நாயகிக்கு முதல் பாகத்தில் நெருப்பு வரவழைக்கத் தெரிகிறது, இரண்டாம் பாகத்தில் பறக்கத் தெரிகிறது, எதற்கும் அவள் எதையும் இழப்பதில்லை. ஆபத்து வரும்போது புதுசாக ஒரு சக்தி முளைக்கிறது. பூட்டைப் போட்டவரே சாவியையும் பையில் வைத்துக்கொண்டு நிற்கிற கதை.

இப்போது அதிகம் வருகிற ஒன்று, "விதி சேர்த்து வைத்த ஜோடி". பார்த்தவுடன் மணிக்கட்டில் ஒரு குறி ஒளிரும், ஆன்மாக்கள் ஒட்டிக்கொள்ளும், முடிந்தது. என் தோழிகள் பலருக்கு இது உயிர். எனக்கு ஒட்டவில்லை. விதியே தேர்ந்தெடுத்துவிட்டால் அவள் என்ன தேர்ந்தெடுத்தாள்? விதி காட்டிய ஆளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அதற்கான தண்டனையையும் வாங்கிக்கொண்டு வேறொருவனோடு போகிற கதையை யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு. அந்த ஐந்நூறு வயது நாயகர்களையும் கேட்க வேண்டும். ஐந்து நூற்றாண்டு வாழ்ந்தவன் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் என்ன பேசுவான்? பெரும்பாலும் பேசுவதில்லை. முறைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறான்.

சாகாமையை டோல்கீன் கையாண்ட விதமே வேறு. அவருடைய லூத்தியன் அழிவில்லாத இனத்துப் பெண். பெரன் சாகப் பிறந்த மனிதன். அவனுக்காக அவள் தன் சாகாமையை விட்டுக்கொடுக்கிறாள், திரும்ப வாங்க முடியாது. அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜக் கதவு இருந்தது. அநாதைப் பையனான டோல்கீன் இளம் வயதில் எடித் என்கிற பெண்ணை விரும்பினார். அவருக்குப் பாதுகாவலராக இருந்த பாதிரியார், 21 வயது ஆகும்வரை அவளோடு கடிதத் தொடர்புகூடக் கூடாது என்று தடுத்துவிட்டார். மறுபடியும் அந்த 21! பையன் காத்திருந்தார். 1913 ஜனவரி 3, பிறந்தநாள் பிறந்த நள்ளிரவில் அவளுக்குக் கடிதம் எழுதினார். அவளுக்கோ அதற்குள் வேறொருவரோடு நிச்சயமாகியிருந்தது. அதை அவள் முறித்துக்கொண்டாள். 1916-இல் கல்யாணம். எடித் 1971-இல் இறந்தபோது கல்லறையில் அவள் பெயருக்குக் கீழே லூத்தியன் என்று பொறிக்கச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து அதே கல்லில் அவர் பெயருக்குக் கீழே பெரன். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது அந்தக் கல்.

மகளின் கேள்விக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். டிராகன் அட்டை, அறுநூறு பக்கம், மூன்று பாகங்களில் முதல் பாகம். இந்த வகை நாவல்களின் பெரிய அநியாயமே இந்தப் பாகங்கள்தான், அதைப் பேச ஆரம்பித்தால் இன்னொரு உரை ஆகும். அவள் எடுத்துப் போன புத்தகத்தின் இரண்டாம் பாகம் வந்து ஏழு வருடம் ஆகிறது. மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வணக்கம்.