கறக்கத் தெரிந்தவர்

(நூலக வார விழாவில் பேசியது)

பேரூராட்சித் தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஒன்றாம் வகுப்பில் எனக்கு அகரம் சொல்லித்தந்து, அதை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று இன்றும் சொல்லிவரும் தலைமையாசிரியை அவர்களே, வாசகர் வட்டத்தாரே, நாற்காலிக்கு வாடகை வாங்க மறுத்த பந்தல்கடை அண்ணாச்சி, முன்வரிசையில் முறுக்குப் பொட்டலத்தோடு இருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். பிள்ளைகளை வாசிக்கவைக்க நூலகர் செய்கிற வேலை, பெற்றோர் செய்ய வேண்டியது, மூன்றாவது இந்தக் கைபேசி.

'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்' என்பாள் என் பாட்டி. எல்லாக் கூட்டத்திலும் இதையே சொல்கிறேன் என்று நண்பர்களுக்குக் கேலி. இருக்கட்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். பாட்டி அதைத் தொழுவத்தில் நின்று சொன்னாள், அவ்வளவுதான்.

குலசேகரம் பக்கம் எனக்குத் தெரிந்த நூலகர் ஒருவர். ஐப்பசி மழை. ரப்பர் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, பஸ் வரும்வரை நனையாமலிருக்க உள்ளே வந்து நின்றான். புத்தகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 'படிலே' என்று அவர் சொல்லவில்லை. பாம்புகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை நீட்டி, "மக்களே, இதுல ஏதோ பக்கம் கிழிஞ்சிருக்குன்னு ஒரு சந்தேகம். ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்லுவியா?" என்றார். பையன் உட்கார்ந்தான். ஒரு பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. இருட்டும் நேரம் எழுந்து வந்தான். "ஒண்ணும் கிழியல்ல சாரே. வேற சந்தேகம் உள்ள புத்தகம் உண்டா?"

கதை முடியவில்லை. மறுநாள் அவன் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். "சாரே, எம்மவன் எத்தன புத்தகம் கிழிச்சான்? ராத்திரி பூரா கிழிஞ்ச பக்கம், கிழிஞ்ச பக்கம்னே பேசுதான். ஒட்டுப்பால் வித்த காசு இருக்கு, போதுமா?" நூலகர் அந்தக் காசிலேயே பையனை உறுப்பினராகச் சேர்த்து, மீதியைக் கையில் கொடுத்து அனுப்பினார். ஆடிக் கறக்கிற மாடு!

நம் ஊருக்கு வருவோம். நமக்கும் கறக்கத் தெரிந்த நூலகர் உண்டு. ஆனால் பகுதிநேர நூலகம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும்போது கதவில் பூட்டு. தொழுவத்தைப் பூட்டிவிட்டு ஆடினால் என்ன, பாடினால் என்ன? சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. குமரி மாவட்டத்தார் நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தோம், 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தோம். வந்த பிறகு சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கட்டுகிறவர்கள் கேட்கலாம். முழுநேர நூலகம் வேண்டும், சிறுவர்க்கென்று ஒரு மூலை வேண்டும்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பெற்றோரையும் கைபேசியையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். மனு வாசலில், சாயா வைத்திருக்கும் மேசையிலேயே இருக்கிறது. முதல் கையெழுத்துக்குத் தலைவருக்காக இடம் விட்டிருக்கிறோம். பேனா ஒன்றுதான், எழுதினவர்கள் தயவுசெய்து திருப்பி வையுங்கள்.