வடக்கின் ஊர் நீதிக் குழுக்களுக்கு நீண்ட காலப் பணம் வேண்டும்

வணக்கம் நேயர்களே. இந்த வாரச் சிறப்புரைக்கு என்னை அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. நான் சட்டத்தரணி அல்ல. ஒன்ராறியோவில் சமூக அமைப்புகளுக்கு அரசாங்க நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், கிடைத்த பணத்துக்கு அறிக்கை தயாரிப்பதும்தான் பல வருசமாக என் தொழில். ஆகவே கனடாவின் வடக்கே பூர்வகுடி மக்கள் நடத்தும் நீதித் திட்டங்களைப் பற்றி இன்று பேசும்போது பணத்தின் பக்கத்திலிருந்துதான் பேசப் போகிறேன். இந்தத் திட்டங்களுக்கு எவ்வளவு பணம் தரப்படுகிறது என்று கேட்கிறோம். எத்தனை வருசத்துக்குத் தரப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் கருத்து.

முதலில் அந்த இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். நுனாவுட் பிரதேசம் கனடாவின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்பவர்கள் 37,000 பேருக்கும் சற்றுக் குறைவு. பெரும்பான்மையோர் வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகத் தெரு கிடையாது. விமானம்தான், கோடையில் பனி உருகினால் கப்பல் வரும். 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனிப் பிரதேசமானபோது அதற்கென்று ஒரு நீதிமன்றமும் அமைக்கப்பட்டது. அது இருப்பது தலைநகர் இக்காலுயிட்டில். மற்ற ஊர்களுக்கு நீதிமன்றமே விமானம் ஏறிப் போகிறது. நீதிபதி, அரச சட்டத்தரணி, எதிரிக்காக வாதாடும் சட்டத்தரணி, எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் ஒன்றாகப் போய் இறங்குவார்கள். ஊர் மண்டபத்திலோ பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்திலோ மேசை போட்டு வழக்குகளைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பனிப்புயல் அடித்தால் அந்த முறை வழக்கு இல்லை. சிறிய ஊர் என்றால் அடுத்த வருகைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த மாதங்களில் அடித்தவரும் அடிபட்டவரும் அதே ஊரில்தான் இருப்பார்கள். இருக்கிற ஒன்றிரண்டு கடைகளுக்குத்தான் இருவரும் போக வேண்டும். பல வேளைகளில் இருவரும் ஒரே குடும்பத்தவர். சில நூறு பேர் வாழும் ஊரில் ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் போய் இருக்க இடமே இல்லை.

சரி, வழக்கு முடிந்து தண்டனை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருசமோ அதற்கு மேலோ என்றால் மத்திய அரசின் சிறைக்குப் போக வேண்டும். யூக்கான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் என்ற மூன்றிலும் மத்திய அரசின் சிறை ஒன்றுகூட இல்லை. எனவே தெற்கே அனுப்புகிறார்கள். கோடை விடுமுறையில் நாம் மஸ்கோகா ஏரிகளைப் பார்க்கப் போகும் வழியில் கிரேவன்ஹர்ஸ்ட் என்றொரு சிறு நகரம் வருகிறதே, அங்குள்ள பீவர் கிரீக் சிறையில் இனுயிட் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வீட்டார் வருவதென்றால் ஆயிரக்கணக்கான டொலர் விமானச் செலவு. கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடி மக்கள் சுமார் 5 சதவீதம். மத்திய சிறைகளில் இருப்பவர்களில் அவர்களின் பங்கு 2020ஆம் ஆண்டிலேயே 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பாரமாகிவிடுகிறது.

இந்த நிலையை மாற்றத்தான் ஊர் நீதிக் குழுக்கள் இருக்கின்றன. நுனாவுட்டில் இவை நெடுங்காலமாக இயங்குகின்றன. ஊரில் மதிப்புள்ள முதியவர்களும் மற்றவர்களும் சேர்ந்த குழு. அதற்குச் சம்பளம் பெறும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர். கடையில் திருடினார், குடித்துவிட்டுக் கதவை உடைத்தார் என்பது போன்ற விடயங்களைப் பொலிஸார் வழக்குப் பதியும் முன்னரே குழுவிடம் அனுப்பலாம். வழக்குப் பதிந்த பின் அரச சட்டத்தரணியும் அனுப்பலாம். குற்றவியல் சட்டக் கோவையின் 717ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. செய்தவர் பொறுப்பை ஏற்க வேண்டும், மனம் விரும்பி வர வேண்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மன்னிப்புக் கேட்பது, உடைத்ததைத் திருத்திக் கொடுப்பது, முதியவர்களுக்காக வேட்டையாடி இறைச்சி கொண்டுவந்து கொடுப்பது, பெரியவர் ஒருவரோடு ஊருக்கு வெளியே வேட்டை நிலத்துக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்குவது, ஆற்றுப்படுத்தலுக்குப் போவது என்று ஓர் உடன்பாடு வரும். அதை நிறைவேற்றினால் வழக்கு அத்தோடு முடியும்.

இலங்கையில் மத்தியஸ்த சபைக்குப் போய்வந்த நேயர்களுக்கு இது ஓரளவு பழகிய விடயமாகத் தோன்றும். ஆனால் வடக்கில் இந்தக் குழுக்கள் சுமப்பது அதைவிடக் கனமானது. பிள்ளைகளைப் பிரித்தெடுத்துப் போன வதிவிடப் பாடசாலைகள், 1950களில் வட துருவப் பக்கம் கொண்டுபோய் இறக்கப்பட்ட குடும்பங்கள் என்று பல தலைமுறைக் காயம் அந்த வட்டத்துக்குள் வந்து உட்காருகிறது. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் தீருகிற விடயமல்ல.

இப்போது பணத்துக்கு வருகிறேன். மத்திய அரசு 1991இல் இதற்கென்று ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் பூர்வகுடி நீதித் திட்டம். மாகாண, பிரதேச அரசுகளும் தங்கள் பங்கைப் போடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொடங்கிக் கால் நூற்றாண்டு வரைக்கும் இது நிரந்தரத் திட்டமாக இருக்கவில்லை. தவணை முடியும்போதெல்லாம் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று ஊர்கள் ஒட்டாவாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டே இரண்டு வருசத்துக்குத்தான் பணம் ஒதுக்கினார்கள். 2017இல்தான் ஐந்து வருசத்துக்கு 55.5 மில்லியன் டொலர், அதன் பின் வருசந்தோறும் 11.1 மில்லியன் என்று தொடர்ச்சி கொடுத்தார்கள். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். அந்த 11.1 மில்லியனை இன்னொரு கணக்கோடு வைத்துப் பாருங்கள். மத்திய சிறையில் ஒருவரை ஒரு வருசம் வைத்திருக்க ஒரு லட்சம் டொலருக்கு மேல் செலவாகிறது. அப்படியென்றால் நாடு முழுவதற்குமான அந்த வருடாந்தத் தொகை, ஏறக்குறைய நூறு கைதிகளை ஒரு வருசம் வைத்திருக்கும் செலவு.

ஒட்டாவாவில் திட்டம் தொடர்கிறது என்பதற்காக, ஊரில் இருக்கும் குழுவுக்கு உறுதி வந்துவிடாது. எங்கள் தொழிலில் மார்ச் 31 எப்படிப்பட்ட நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றோடு நிதியாண்டு முடிகிறது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து விழாவிட்டால் ஏப்ரல் மாதச் சம்பளத்துக்குக் காசு எங்கே? ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பெரிய அமைப்பு வேறு கணக்கிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். எண்ணூறு பேர் ஊரில் ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளரை வைத்திருக்கும் குழு எதை எடுத்துச் சமாளிக்கும்? அந்த மனுசி வேறு வேலைக்குப் போய்விடுவார். குழுவிலுள்ள முதியவர்கள் யாரை நம்பி வருகிறார்கள், எந்தப் பையன் யாரிடம் வாய் திறப்பான், எந்த வீட்டில் இப்போது குடி நின்றிருக்கிறது என்ற அறிவு முழுவதும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பொலிஸாரும் விடயங்களை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாத குழுவிடம் யார் அனுப்புவார்கள்? வருச முடிவில் குழுவுக்கு வந்த விடயங்கள் குறைவு என்று அறிக்கையில் பதிவாகும். அதைக் காட்டியே அடுத்த முறை பணத்தைக் குறைக்கலாம்.

இது என் ஊகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடாவின் கணக்காய்வாளர் நாயகமே இதைப் பொதுவாக எழுதியிருக்கிறார். 2002இல் வெளியான அறிக்கை ஒன்றின்படி, நான்கு மத்திய அமைப்புகள் மட்டும், பூர்வகுடிகளில் இனுயிட் அல்லாத ஒரு பிரிவினரான முதற்குடிச் சமூகம் ஒன்றிடம் வருசத்துக்குக் குறைந்தது 168 அறிக்கைகள் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சமூகங்களில் பல, சில நூறு பேர் மட்டுமே வாழ்பவை. 2011இல் வந்த இன்னோர் அறிக்கை, குறுகிய கால ஒப்பந்தங்கள் மூலம் பணம் கொடுப்பதே சேவைகள் முன்னேறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் என்றது. ஆண்டு தொடங்கிப் பல மாதம் கழித்தே பணம் கைக்கு வரும் நிலையையும் அது சுட்டிக்காட்டியது. நீதித் திட்டங்களை மட்டும் பற்றிய அறிக்கைகள் அல்ல இவை. என்றாலும் நோய் ஒன்றுதான்.

நீண்ட காலம் ஏன் வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஹாலோ வோட்டர். மனிற்றோபாவில் வினிபெக் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள, அனிசினாபே என்ற பூர்வகுடி மக்களின் சமூகம். 1980களின் நடுப்பகுதியில் ஊரிலிருந்த சில சமூகப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒன்றுகூடிப் பேசத் தொடங்கினார்கள். தங்கள் ஊரில் பிள்ளைகள் மீது நடக்கும் பாலியல் வன்முறை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பதை முதலில் அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கே எவ்வளவு துணிவு வேண்டும்! பிறகு 13 படிகள் கொண்ட ஒரு வழிமுறையை வகுத்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பாதுகாப்பதில் தொடங்கி, செய்தவர் குற்றத்தை ஒப்புக்கொள்வது, இரு குடும்பங்களோடும் தனித்தனியாக வேலை செய்வது, ஊர் முன்னிலையில் வட்டமாக அமர்வது என்று அது போகிறது. ஒருவர் முழுவதையும் கடக்க ஏறக்குறைய ஐந்து வருசம் எடுக்கும்.

இந்த வழியில் போன 107 பேரில் இரண்டு பேர்தான் மீண்டும் குற்றம் செய்தார்கள் என்று 2001இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மாகாண அரசு இதற்குச் செலவிட்ட ஒவ்வொரு இரண்டு டொலருக்கும், வழக்கமான வழியில் போயிருந்தால் ஆறு முதல் பதினாறு டொலர் வரை செலவாகியிருக்கும் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. ஐந்து வருசம் எடுக்கும் வேலை இது. வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பணத்தை நம்பி இப்படி ஒரு வாக்குறுதியை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? நான் விண்ணப்பம் எழுதும்போது இந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

ஊர் நீதி என்றாலே எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. இனுயிட் பெண்களின் தேசிய அமைப்பான பவுக்டூட்டிட் 1990களிலேயே ஓர் எச்சரிக்கை எழுப்பியது. சிறிய ஊரில் செய்தவரின் உறவினர்களே செல்வாக்குள்ளவர்களாக இருக்கலாம். வட்டத்தில் உட்காரும் பெண் உண்மையில் மனம் திறந்து பேச முடியுமா என்று கேட்டார்கள். மிகச் சரியான கேள்வி. வடக்கில் உள்ள 51 இனுயிட் சமூகங்களில் 70 சதவீதத்துக்கு மேலானவற்றில் பெண்களுக்கான பாதுகாப்பு இல்லமே இல்லை என்று அதே அமைப்பு சொல்கிறது. ஓடி ஒளிய ஓர் அறைகூட இல்லாத ஊரில், சமரசத்துக்கு வா என்று ஒரு பெண்ணைக் கூப்பிடுவது அநியாயம். ஆகவே குழுவுக்குத் தரும் பணத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக இருக்க ஒருவரும், குழுவினருக்குப் பயிற்சியும், ஊரில் ஒரு பாதுகாப்பு இல்லமும் அடங்க வேண்டும். இவற்றை அடுத்த தவணையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பெண்கள் பயந்தது அப்படியே நடக்கும்.

அப்போ என்ன செய்யலாம்? வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் மத்திய அரசு, தகுதி பெற்ற முதற்குடிச் சமூகங்களுக்குப் பத்து வருச மானியம் கொடுத்துவருகிறது. பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள், மிஞ்சுவதை அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகிறார்கள், தங்கள் மக்களுக்கே முதலில் கணக்குச் சொல்கிறார்கள். இதே முறையை இனுயிட் ஊர்களின் நீதிக் குழுக்களுக்கும், ஒன்ராறியோவின் வடக்கே நிஷ்னாவ்பி அஸ்கி என்ற முதற்குடிச் சமூகங்களில் நடக்கும் இதே போன்ற திட்டங்களுக்கும் விரிக்கலாம். வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட 94 அழைப்புகளில் 31ஆவது அழைப்பு கேட்பது இதைத்தான்: சிறைக்கு மாற்றான சமூக வழிகளுக்குப் போதுமான, நிலையான நிதி. வடக்கின் விமானக் கட்டணமும் வீட்டுத் தட்டுப்பாடும் கணக்கில் சேர வேண்டும். தெற்கில் இரண்டு பேரை வைத்து நடத்தும் தொகையில் அங்கே ஒருவரை வைத்திருப்பதே கடினம்.

ஒவ்வொரு வருசமும் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பு நாடாளுமன்ற நிதிக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அமைப்புகள் மட்டுமன்றித் தனி ஆட்களும் எழுதலாம். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொங்கல் விழாவுக்கும் தேர் திருவிழாவுக்கும் வருகிறார்கள், நம்மோடு நின்று படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது பூர்வகுடி நீதித் திட்டத்துக்குப் பத்து வருச ஒப்பந்தம் எப்போது வரும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். எழுத விரும்பினால் தமிழ்ச் சங்கங்கள், முதியோர் சங்கங்கள் வழியாகவும் எழுதலாம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒட்டாவா முகவரியில் அனுப்பும் கடிதத்துக்கு முத்திரையும் தேவையில்லை. வாசகம் எழுத உதவி வேண்டுவோர் இந்த நிலையத்தின் தொலைபேசிக்கு அழைத்து விபரத்தை விட்டுவையுங்கள், நானே எழுதித் தருகிறேன். நன்றி, வணக்கம்.