மெத்தில் ஏறினால் மரபணு அணையும் என்று இனிமேல் சொல்லாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் நெடுநாளாக வர மறுத்த பட்டை இன்று ஜெல்லில் ஒற்றைப் பட்டையாக, மிகத் தெளிவாக வந்துவிட்டது. அதைப் பற்றி விரிவாகவே பேசப் போகிறேன். அதற்கு முன் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். சென்ற காணொளியின் கீழே அதிகமாக வந்த கருத்து, "டி.என்.ஏ.வில் மெத்தில் ஏறினால் மரபணு அணைந்துவிடும், அவ்வளவுதானே" என்பதாகும். மெத்தில் என்பது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக் குழு; அணைவது என்றால் மரபணு இயங்காமல் போவது. அவ்வளவுதான் என்றால் நான் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டேன்.

மனித டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற எழுத்துக்கு அடுத்து குவானின் என்ற எழுத்து வரும் இடங்களில்தான் மெத்தில் குழு பெரும்பாலும் ஏறுகிறது. மரபணுவின் தொடக்கத்தில் உள்ள புரோமோட்டர் பகுதியில் அது அடர்ந்து ஏறினால் மரபணு அடங்கிவிடும் என்பது உண்மைதான். மூளைக் கட்டிகளில் எம்.ஜி.எம்.டி. என்ற பழுதுநீக்கும் மரபணு அப்படி அடங்கியிருந்தால் டெமோசோலோமைடு மருந்து கூடுதலாகப் பலன் தருகிறது என்று 2005இல் காட்டப்பட்டது. ஆனால் அதே மூளைக் கட்டி வகைகளில் மெத்தில் ஏறியதாலேயே ஒரு மரபணு விழித்துக்கொள்ளும் நிகழ்வும் உண்டு. என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்தது அதுதான்.

க்ளையோமா எனப்படும் மூளைக் கட்டிகள் பலவற்றில் ஐ.டி.எச்.1 மரபணுவில் திடீர்மாற்றம் இருப்பது 2008இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் அந்தப் புரதத்தின் 132ஆவது அமினோ அமிலம்தான் மாறியிருக்கும். மாறிய நொதி, தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு, 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளைச் செல்லுக்குள் குவிக்கிறது என்பது 2009இல் தெரியவந்தது. அதே ஆண்டில்தான் விஞ்ஞானி அஞ்சனா ராவின் ஆய்வகம், மெத்தில் ஏறிய சைட்டோசினை ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினாக மாற்றி, மெத்தில் நீங்குவதற்கு வழி திறக்கும் டெட்1 நொதியை அறிவித்தது. இந்த டெட் வகை நொதிகள் வேலை செய்ய ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் என்ற பொருள் தேவை. குவிந்துகிடக்கும் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் டெட் நொதிகள் முடங்குகின்றன, மெத்தில் நீங்காமல் மரபணுத்தொகை முழுவதும் ஏறிக்கொண்டே போகிறது.

இனிதான் சுவையான பகுதி. 2016இல் நேச்சர் இதழில் வில்லியம் ஃபிளவஹன், பிராட்லி பெர்ன்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன். நான்காம் குரோமோசோமில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்ற மரபணு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியைப் பிடித்து, இரண்டிரண்டாக இணைந்து, தன் டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றி, "பெருகு" என்ற சமிக்ஞையைச் செல்லுக்குள் அனுப்பும் ஏற்பியை அந்த மரபணு தருகிறது. அதே குரோமோசோமில் எப்போதும் விழிப்பாக இருக்கும் வலிமையான என்ஹான்சர் ஒன்றும், அதாவது மரபணுக்களைத் தூண்டிவிடும் டி.என்.ஏ. பகுதியும், இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சி.டி.சி.எஃப். என்ற புரதம் அமர்ந்து ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதம் அமரும் இடத்தில் மெத்தில் ஏறிவிட்டால் அதனால் அங்கே பிடித்துக்கொள்ள முடிவதில்லை. வரப்பு உடைந்தால் பக்கத்து வயலின் நீர் இந்த வயலுக்குள் பாய்வதைப் போல, என்ஹான்சரின் தூண்டுதல் முழுவதும் ஏற்பி மரபணுவின் மேல் வந்து விழுகிறது.

அந்தக் குழுவினர் கட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. ஐ.டி.எச். மாற்றமே இல்லாத கட்டிச் செல்களில், சி.டி.சி.எஃப். அமரும் அந்தச் சிறு வரிசையை மட்டும் கிரிஸ்பர் என்ற டி.என்.ஏ. வெட்டும் கருவி கொண்டு சிதைத்தார்கள். ஏற்பி கூடியது, செல்கள் வேகமாகப் பெருகின, அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் கூடுதல் வேகம் மறைந்தது. மறுபுறம், மெத்திலைக் குறைக்கும் 5-அசாசைட்டிடினை ஐ.டி.எச். மாற்றம் கொண்ட செல்களுக்குக் கொடுத்தபோது தடுப்பு ஓரளவு மீண்டது, ஏற்பியின் அளவும் குறைந்தது. ஒரு வளர்சிதை மாற்ற நொதியின் பிழை மெத்தில் வழியாகச் செல் சமிக்ஞை வரை போய்ச் சேரும் பாதையை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டிய சோதனைகள் மிகக் குறைவு.

நான் பார்க்க விரும்புவதும் சி.டி.சி.எஃப். அமரும் அந்த இடத்தைத்தான். எங்கள் செல்களில் அங்கே எவ்வளவு மெத்தில் இருக்கிறது என்று அளக்க, டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளோடு வினைபுரிய வைக்கும் முறையைப் பயன்படுத்துகிறேன். மெத்தில் இல்லாத சைட்டோசின் யூராசில் என்ற வேறு எழுத்தாகிவிடும், மெத்தில் ஏறியது அப்படியே நிற்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் டி.என்.ஏ. துண்டுதுண்டாக உடைகிறது, இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை ஆகிவிடுகின்றன, பிரதி எடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளான பிரைமர்களை நீளமாகவும் மெத்தில் ஏறக்கூடிய இடங்களைத் தவிர்த்தும் வடிவமைக்க வேண்டியிருக்கிறது. அதையெல்லாம் செய்துவிட்டேன். அப்படியும் ஜெல் வெறுமையாகவே இருந்ததற்குக் காரணம், பி.சி.ஆரில் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதி.

நான் கேட்டிருந்தது யூராசிலைத் தடையின்றிப் படிக்கும் சாதாரண டாக் வகை நொதி. விநியோகித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இருப்பு இல்லை என்று அவர்களாகவே வேறொரு நொதியை அனுப்பிவிட்டு, "இது அதைவிட உயர்ந்த ரகம், விலையும் பல மடங்கு, உங்களுக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது" என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார்கள். விலை அதிகம் என்றால் எல்லா வேலைக்கும் சிறந்தது என்ற இந்த எண்ணம் எனக்கு அறவே பிடிக்காது. அவர்கள் அனுப்பியது, பிரதி எடுக்கும்போதே பிழைதிருத்தும், ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகையின் நொதி. இத்தாலியின் வல்கானோ தீவில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் போன்ற நுண்ணுயிர்கள் கொதிக்கும் வெப்பத்தில் வாழ்கின்றன. அந்த வெப்பத்தில் சைட்டோசின் தானாகவே யூராசிலாகச் சிதைவது அதிகம் என்பதால், முன்னால் யூராசில் இருப்பதை உணர்ந்து சில எழுத்துகளுக்கு முன்பே நின்றுவிடும் அமைப்பு அவற்றின் நொதிக்கு உண்டு. பைசல்ஃபைட் செய்த டி.என்.ஏ.வோ யூராசிலால் நிறைந்தது! அத்தனை அருமையான காவலை வைத்துக்கொண்டு அந்த நொதி எப்படி நகரும்? எளிய டாக் நொதி வந்து சேர்ந்த அன்றே, அதே பிரைமர்கள், அதே டி.என்.ஏ., அதே வெப்பநிலைகள், இதோ இந்தப் பட்டை. திரையை ஒரு நிமிடம் நிறுத்தி நன்றாகப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், சற்றுப் பின்னால் போகிறேன். சி.டி.சி.எஃப். அமரும் இடத்தில் மெத்தில் ஏறி மரபணு விழிப்பது புற்றுநோயில் மட்டும் நடப்பதன்று. ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சிக் காரணியில் இது இயல்பாகவே நடக்கிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். தாயிடமிருந்து வந்த பிரதியில் மெத்தில் இல்லாததால் சி.டி.சி.எஃப். அமர்ந்து என்ஹான்சரைத் தடுக்கிறது. தந்தையிடமிருந்து வந்த பிரதியில் மெத்தில் இருப்பதால் தடுப்பு விலகி மரபணு இயங்குகிறது. "மெத்தில் என்றால் அணைவு" என்று எழுதியவர்கள் இந்த ஒரு மரபணுவுக்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கும் ஒரு செய்தி: மாறிய ஐ.டி.எச். நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் மருந்துக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டாம் தரக் க்ளையோமா நோயாளிகள் 331 பேரிடம் நடந்த சோதனையில், நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீண்டது.

அடுத்து நான் செய்ய வேண்டியது கடினமானது. பைசல்ஃபைட்டுக்கு மெத்தில் சைட்டோசினும் ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினும் ஒன்றே. மூளைத் திசுவில் இரண்டாவது வகை மிகுதி என்பதால், இயல்பான திசுவின் மெத்தில் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், கட்டிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். இதற்குத் தீர்வாக, முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து அந்த இரண்டாவது வகையையும் யூராசிலாக்கிவிடும் முறையை, சென்னையில் பிறந்தவரும் கேம்பிரிட்ஜில் பணிபுரிபவருமான சங்கர் பாலசுப்பிரமணியனின் குழு 2012இல் வெளியிட்டது. ஒரே டி.என்.ஏ.வை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆக்சிஜனேற்றம் செய்தும் மறுபாதியைச் செய்யாமலும் வரிசைப்படுத்த வேண்டும். ஆக்சிஜனேற்றம் முழுமையாக நடந்ததா என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டு டி.என்.ஏ.வும் உடன் ஓட வேண்டும். அது வந்து சேர்ந்ததும் முதல் ஓட்டத்தை முழுவதுமாகப் படம்பிடிக்கிறேன்.